காருக்கு ஒரு கீறல் இல்லை

ஜனவரி 8

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். குண்டுமணி நலம், உன் அத்தான் நலம், அப்பா நலம். நான் உயிரோடு இருக்கிறேன்.

போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ கத்துகிறாய். போதாக்குறைக்கு, புதுக் காரைப் படம் எடுத்துவிடுவீர்கள் என்று உங்கள் கம்பெனியில் வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். குழந்தை தூங்கினால்தான் எழுத முடிகிறது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

குண்டுமணி இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். பத்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று தெரியவில்லை, சித்தியைக் கொண்டு பிறந்திருக்கிறான். மேசையின் நாலு முனைக்கும் பஞ்சு கட்டிவிட்டேன். கட்டில் காலுக்குப் பழைய துண்டு. அலமாரிக் கதவு திறக்காமல் கயிறு. உன் அத்தானுக்குச் சட்டை எடுக்க வேண்டுமென்றால் முடிச்சவிழ்க்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். "இது வீடா, மெத்தைக் கடையா?" என்று கேட்கிறார். கேட்கட்டும்.

அப்பா போன வாரம் வந்திருந்தார். அவருடைய பழைய காரைப் பேரனுக்காக எங்களிடமே தந்துவிடுகிறாராம். "உங்க சின்னக் காரு தகர டப்பாம்மா. என் காரு இரும்பு. பாலத்துத் தூண்ல மோதினேனே, தூணு சாஞ்சுது. காருக்கு ஒரு கீறல் இல்ல!" என்று ஆரம்பித்துவிட்டார். நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிற கதைதான். ஆனால் இந்த முறை கேட்டபோது மனதுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? அப்படி ஒரு காரைத்தான் நீயும் ஓட்டக் கூடாதா? நீ ஓட்டுகிற காரோ இரண்டே இரண்டு சீட்டு, முழங்கால் உயரம், காகிதம் மாதிரி லேசு. அதைப் போய் அந்த வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது ஒரு வேலையா?

ஒன்று மட்டும் நினைவூட்டுகிறேன். குண்டுமணி பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சத்தியம் செய்தாய். "இந்தக் காரோட சரிக்கா. அடுத்த காரை வேற யாராவது ஓட்டட்டும்." நான் மறக்கவில்லை.

அன்புடன், கவலையோடு,
அக்கா


ஜனவரி 19

என் காவல் தெய்வமே,

உன் கடிதத்தை வாசல்காரர் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே கேமரா இருக்கிறதா என்று பார்த்தாராம். "கேமரா இல்லண்ணே, கவலை இருக்கு" என்றேன். அதற்குத் தடை இல்லையாம்.

நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். சத்தியமும் நினைவிருக்கிறது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வரும். நான் சோதனைத் தடத்தில் ஓட்டுகிற அதே மாதிரிக் கார் ஒன்றை, பக்கத்துக் கூடத்தில் வேண்டுமென்றே சுவரில் மோதவிடுவார்கள். உள்ளே ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். ஆள் எடை, ஆள் உயரம், விலா எலும்பு முதல் கழுத்து வரை எல்லாம் உண்டு. எவ்வளவு அடி பட்டது என்று சொல்ல உடம்பு முழுக்கக் கருவி. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'மாப்பிள்ளை'. ஏன் என்கிறாயா? காலையிலிருந்து ஐந்தாறு பேர் சுற்றி நின்று அலங்காரம் செய்கிறோம், முகத்தில் பூச்சு, புதுச் சட்டை, அசையாமல் உட்கார வைத்து வாரைப் போட்டு இறுக்குகிறோம், எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறோம். அப்புறம் கொண்டுபோய் சுவரில் மோதுகிறோம். வாயே திறக்க மாட்டார். அத்தானிடம் இதைப் படித்துக் காட்டாதே.

முகப்பூச்சு எதற்கு என்றால், நெற்றிக்குச் சிவப்பு, மூக்குக்கு மஞ்சள், முழங்காலுக்கு நீலம் என்று ஈரச் சாயம் தடவிவிடுவோம். மோதல் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு உள்ளே போய் எந்தச் சாயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், எது எங்கே இடித்தது என்று தெரிந்துவிடும். சிவப்பு ஏர்பேக்கின் நடுவில் இருந்தால் எல்லோரும் கைதட்டுவோம். வேறு எங்கேயாவது இருந்தால் இன்ஜினியர்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

பஞ்சு கட்டுவதற்கு முன்னால் நீயும் இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

முத்தங்களுடன்,
வால்


பிப்ரவரி 2

அடி வாலு,

செய்துவிட்டேன்!

நீ கிண்டலுக்கு எழுதியிருப்பாய். எனக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. மறுநாள் காலையில், என் கல்யாணத்துக்கு வாங்கி, ஒரே ஒரு தடவை போட்ட அந்த ரத்தச் சிவப்பு லிப்ஸ்டிக்கை எடுத்தேன். குண்டுமணியின் நெற்றியில் வட்டமாக ஒன்று, முழங்காலில் இரண்டு. அவன் தன்னைக் கண்ணாடியில் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். பிறகு வீட்டில் அவிழ்த்துவிட்டேன். கட்டின பஞ்சையெல்லாம் எடுத்துவிட்டு! என் தைரியத்தை நீ மெச்ச வேண்டும்.

மாலையில் ஆய்வு செய்தேன். மேசை முனையில் ஒன்றும் இல்லை. கட்டில் காலில் ஒன்றும் இல்லை. அலமாரியில் ஒரு சின்னத் தீற்றல், அதுவும் முழங்கால். இவ்வளவு சிவப்பும் எங்கேதான் போயிற்று என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். துணி மாற்றும்போதுதான் பார்த்தேன். என் சுடிதாரில், இடது தோளில், அதற்குக் கீழே, மடியில், துப்பட்டாப் பக்கம் என்று ஒரே சிவப்பு. விழும்போதெல்லாம் பிள்ளை என்மேல்தான் விழுந்திருக்கிறான். நான் கவனிக்கவே இல்லை.

மிச்சம் உன் அத்தானின் சட்டையில். காலையில் கொஞ்சிவிட்டுப் போனவர் தோளில் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டதைப் பார்க்காமல் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டார். முதல் ஆளாக ஒரு வயதான அம்மா கண் சோதிக்க வந்திருக்கிறார். இவர் பலகையைக் காட்டி, "மேல் வரி தெரியுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா பலகையைப் பார்க்கவே இல்லையாம். இவர் தோளையே பார்த்துக்கொண்டு, "எனக்கு எல்லாமே தெளிவா தெரியுது தம்பி. உங்க வீட்டுல தெரியுமா?" என்றாராம்.

சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! அந்தச் சுடிதாரைத் துவைக்க மனம் வரவில்லை. இதோடு அனுப்புகிறேன், உன் மாப்பிள்ளைக்குக் காட்டு.

பஞ்சைத் திரும்பக் கட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

வாலு,

உன் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "நீங்க அவங்க அக்காவா? முதல்லயே சொல்லிடறேன், அவங்க நல்லா இருக்காங்க" என்று ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறவர்களைப் பற்றி யாராவது இப்படி ஆரம்பிப்பார்களா? என்ன ஆயிற்று என்று கத்திவிட்டேன்.

டயர் வெடித்ததாம். தடுப்புச் சுவரில் மோதி, உருண்டதாம். "கார் முழுக்கப் போச்சும்மா. ஆனா அவங்க நடந்து வந்தாங்க" என்றார். பிறகு உன்னிடம் கொடுத்தார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அக்கா, ஆஸ்பத்திரி டீ பரவாயில்லக்கா." அதைத் தவிர எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

மூன்று நாளாக என் கண்ணில் கார்தான் உருளுகிறது. முழுக்கப் போச்சு என்றால் என்னடி அர்த்தம்? முழுக்கப் போகிற மாதிரி ஒரு காரை எதற்குச் செய்கிறார்கள்? அதற்குள் என் தங்கையை எதற்கு உட்கார வைக்கிறார்கள்? அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் வாய் மட்டும், "என் காரா இருந்தா ஒரு கீறல் விழுந்திருக்குமா?" என்கிறது. எனக்கும் அதுதான் கேட்கத் தோன்றுகிறது.

நான் சண்டை போடவில்லை. 'இந்தக் காரோட சரி' என்று நீதான் சொன்னாய். அந்தக் கார்தான் போய்விட்டதே. சத்தியம் முடிகிற இடம் வந்துவிட்டது. வீட்டுக்கு வா.

அக்கா


மார்ச் 6

அக்கா,

பதில் தாமதம். மன்னித்துவிடு. நெஞ்சில் பெல்ட் பதிந்த இடம் எழுதினால் வலித்தது. தோளிலிருந்து இடுப்பு வரை கத்தரிக்காய் நிறத்தில் பட்டையாகக் கன்றியிருக்கிறது, அழகிப் போட்டியில் ஜெயித்த மாதிரி. அவ்வளவுதான் எனக்குக் காயம்.

என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லாமல் யார் சொல்வது? ஒளிக்காமல் சொல்கிறேன்.

வேகமான வளைவு. பின் டயர் போயிற்று. சுவர் வருவது தெரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா, செய்ய நேரமே இல்லை. எல்லாவற்றையும் கார்தான் செய்தது. மோதிய கணமே பெல்ட் என்னை வெடுக்கென்று இழுத்து சீட்டோடு கட்டிவிட்டது, ஓடப் போகிற குழந்தையைச் சட்டையைப் பிடித்து இழுப்பாயே, அப்படி. முன்னாலும் பக்கத்திலும் ஏர்பேக் விரிந்தது. ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் வார் கழுத்தை முன்னால் போக விடவில்லை. காரின் மூக்கு மடிப்பு மடிப்பாக, காகித விசிறி மாதிரி சுருங்கியது. அது சுருங்குவதற்காகவே செய்த மூக்கு. சக்கரம் ஒன்று தனியாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அப்புறம் உருண்டோம். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு உருக்குக் கம்பி வளைவுகள் எழுந்து, கவிழ்ந்த காரைத் தாங்கிக்கொண்டன. நின்றதும் பெட்ரோல் தானாக நின்றது, கதவுப் பூட்டு விடுபட்டது, விளக்கு மினுக்கியது. உதவி வேண்டும் என்று போன் போட்டதும் கார்தான். உனக்குப் போன் போடாத தங்கைக்கு எப்படிப்பட்ட கார் பார்!

நான் உட்கார்ந்திருந்த கூடு மட்டும், கார்பன் நாரை அடுக்கடுக்காக இறுக்கிச் செய்த தொட்டி அது, அப்படியே இருந்தது. ஏர்பேக்கின் வெள்ளைப் பொடி முகமெல்லாம் அப்பியிருக்க, கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஓடி வந்த மீட்புக்குழுப் பையன்கள் என் முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பேயென்று நினைத்துவிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். காருக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. நடுவில் ஒரு கூடு. அதைத் தடவிக்கொடுத்தேன். கொஞ்சம் அழுதேன்.

இப்போது உன் கேள்வி. அடியை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும் அக்கா. அவ்வளவு வேகம் சும்மா மறைந்துவிடாது. கார் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் உள்ளே இருக்கிற ஆள் வாங்க வேண்டும். அப்பா பாலத்துத் தூணில் மோதினாரே, காருக்கு ஒரு கீறல் இல்லை, சரி. அப்பாவுக்கு?

காறை எலும்பு முறிந்து நாலு மாதம் கட்டுப் போட்டிருந்தார். முன்பல் இரண்டு போய், இன்றுவரை கட்டுப்பல்தான். இத்தனை வருடமாக அவர் அந்தக் கதையைச் சொல்கிறார், நாமும் 'ஆ' என்று கேட்கிறோம். பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுச் சொல்வார், அப்போதும் நமக்கு உறைக்கவில்லை!

உன் சுடிதார் வந்தது. மோதல் கூடத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். எங்கள் பெரிய இன்ஜினியர், சிரிக்கவே தெரியாத மனிதர், அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "எல்லா அடியும் இதுலயே விழுந்திருக்கு. நெத்தி அடி ஒண்ணுகூட வெளிய போகல. இது எந்த ஏர்பேக்?" என்றார். "எங்க அக்கா சார்" என்றேன். "செய்முறை கேட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தியம் பற்றி நீ எழுதியது சரி. அந்தக் கார் போய்விட்டது. அடுத்த காருக்கு என்னைத்தான் முதல் ஓட்டுநராகக் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் ஒரு மேசை தருகிறார்கள். ஜன்னல் ஓரம். தடம் முழுவதும் தெரியும். நல்ல ஜன்னல்தான்.

அன்புடன்,
வால்


மார்ச் 20

என் கண்ணே,

உன் கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'அப்பாவுக்கு?' என்ற இடத்தில் நிறுத்தினேன். அவர் பல்லைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதையே பார்த்தார். "ஆமால்ல?" என்றார், பொக்கை வாயோடு. அவ்வளவுதான், உன் அத்தான் அடக்க மாட்டாமல் அடுக்களைக்கு ஓடிவிட்டார். அப்பாவே சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வந்து, "அந்தக் கழுதைக் காரை இத்தனை வருஷமா நான்தான்டி காப்பாத்தியிருக்கேன்!" என்றார்.

நான் அன்று முழுக்க யோசித்தேன். குண்டுமணி என் எதிரிலேயே நாற்காலியைப் பிடித்து எழுந்தான், கையை விட்டான், ஓர் அடி வைத்தான். ஓடிப்போய்த் தூக்கத்தான் என் கை பரபரத்தது. தூக்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது அடி வைத்து என் தோளில் வந்து மோதினான், நெற்றியால், டங்கென்று. எனக்கு வலித்தது. அவன் சிரித்தான்.

உன்னையும் அப்பாவின் கார் மாதிரி ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தி வைக்கப் பார்த்தேன், வாலு. உன் கடிதத்தில் அந்த ஜன்னலை மூன்று தடவை படித்தேன். நல்ல ஜன்னலாம்! சின்ன வயதில் காய்ச்சல் வந்து விளையாடப் போக முடியாதபோது இப்படித்தான், 'எனக்கு ஜன்னலே போதும்' என்பாய். எனக்குத் தெரியாதா?

சத்தியத்தை நீ எனக்குத்தான் செய்தாய். அதனால் திருப்பித் தருகிற உரிமையும் எனக்குத்தான். இதோ, தந்துவிட்டேன். அந்த மேசையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். நான் பயப்படுவதை நிறுத்த மாட்டேன், அதைக் கேட்காதே. பயந்துகொண்டே இருப்பேன், கிட்டவே இருப்பேன்.

அடுத்த காரில் எதை மாற்றுகிறார்கள் என்று எழுது. புரிகிற மாதிரி எழுது.

உன்,
அக்கா


ஏப்ரல் 4

அக்கா அக்கா அக்கா,

வாசல்காரர் முன்னாலேயே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மனிதர் பயந்துபோய்த் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

மேசையை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். ஜன்னலைப் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.

உடைந்த காரைப் பிரித்துப் பார்த்ததில், கால் வைக்கும் இடத்தில் ஓர் இணைப்பு நினைத்ததைவிடக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் என்னைவிட உயரமானவர் என்றால் இடித்திருக்கும். அதை மாற்றிவிட்டார்கள். இனி அந்தக் காரை வாங்குகிற ஒவ்வொரு நெட்டைக்காரரும் எனக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறார்.

மே இரண்டாம் வாரம், சனிக்கிழமை, மாற்றிய காரின் முதல் ஓட்டம். வீட்டார் வந்து பார்க்கலாம் என்கிறார்கள். நீ குண்டுமணி பிறந்ததிலிருந்து ஊரைத் தாண்டவில்லை, ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. வா என்று சொல்லமாட்டேன். தேதியை மட்டும் எழுதிவைக்கிறேன்.

வால்


மே, இரண்டாம் சனி. வாசலிலிருந்து.

வாலு,

போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் உன் வாசல்காரரிடம் துண்டுச் சீட்டு வாங்கி, அவர் முதுகிலேயே வைத்து எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

வந்துவிட்டோம். எங்கள் தகர டப்பாவில்தான். வழி முழுக்க நான்தான் ஓட்டினேன். குண்டுமணி பின்பக்கம் பார்த்து வைத்த குழந்தை இருக்கையில், ஐந்து பட்டை பெல்ட்டில், தூங்கிக்கொண்டே வந்தான். அப்பா பின் சீட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாக பெல்ட் போட்டு, "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்று புலம்பிக்கொண்டே கழற்றாமல் வந்தார். உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வீங்கிப்போயிருக்கிறார்.

உங்கள் வாசலில் திரும்பும்போது தூணில் தேய்த்துவிட்டேன்.

காருக்கு இரண்டு கீறல். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

சீக்கிரம் வெளியே வா.

அக்கா